அண்ணி துவைக்கும் கல்

பிப்ரவரி 4
எங்கள் அகழாய்வுக் குழியை மூடிவிட்டார்கள். போர்ச்சுகீசியரின் பண்டகசாலை இங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். இப்போதைய துறைமுகப் பக்கம்தான் இருந்திருக்குமாம். தொல்லியல் துறை இயக்குநர் முடிவு. மாதக் கடைசியில் இங்கே மீன் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம். வெயிலில் வெந்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 5
சாப்பிடப் பிடிக்கவில்லை. அண்ணி தட்டை மூடி வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 8
அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, கோணட்டும்.

காலையில் துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போனேன். எங்கள் வேலையில் கைவேலைப்பாடு இல்லாத கல்லையெல்லாம் ஒதுக்கிவிடுவோம். அப்படி ஒதுக்கியதில் பெரிதாக ஒன்றை அண்ணி போன மாதம் அண்ணனின் வண்டியில் ஏற்றிவந்து, துவைக்கிற கல்லாகப் போட்டிருந்தார். இன்று நுரையைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறேன் — கறுப்புக் கல், குறுக்கே வெள்ளை வரி. இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் சிவப்புக் கல்தானே? இது எங்கிருந்து வந்தது?

கப்பலில்! சரக்கில்லாமல் வரும் கப்பல் கவிழாமலிருக்க அடியில் கல் நிரப்புவார்கள். கரையில் அதைக் கொட்டிவிட்டுத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொள்வார்கள். அப்படியென்றால் அன்றைய கரை நம் குழியில்தான், பண்டகசாலையும் அங்கேதான். அறிவிருக்கா எனக்கு? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ, மத்த கல்லையெல்லாம் பள்ளம் ரொப்ப லாரியில ஏத்தி அனுப்பிட்டேனே!

மூச்சு வாங்க அண்ணியிடம் சொன்னேன்.

"துணியை அள்ளிக்கிட்டுக் கல்லைப் போட்டுட்டுப் போனானா? நல்ல வியாபாரம்."

பீரங்கியை நீட்டி விலை பேசினவங்க அண்ணி, வேற எப்படி இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 9
துவைக்கிற கல்லைப் படமெடுத்துக் காட்டினேன். இயக்குநர் சிரித்தார். "இது அந்தக் குழியில கிடைச்சதுன்னு என்னம்மா நிச்சயம்?"

மூடுவதற்கு முன் எடுத்த படங்களை மேசையில் பரப்பினேன். கடற்கரைச் சிப்பிகளுக்கு மேலே கற்குவியல். நடுவில் அதே கல், அதே வெள்ளை வரி. மனுஷர் ஒவ்வொரு படமாகக் கையிலெடுத்துப் பார்த்தார். கடைசியில், ஒரு சில்லைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

வீட்டில் அடுத்த வழக்கு. "மூலையில எடுத்துக்கோ. துவைக்கிற பக்கம் கை வைக்காதே" என்று அண்ணி உளியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிப்ரவரி 17
சோதனை முடிவு இன்னும் வரவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் ஜல்லி இறக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 24
வந்துவிட்டது! எரிமலைக் கல். போர்ச்சுகீசியக் கப்பல்கள் தங்கிப் புறப்பட்ட தீவு ஒன்றின் கல்லோடு அப்படியே ஒத்துப்போகிறதாம். அஸ்திவார வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார் இயக்குநர். குழியைத் திறக்கிறோம். கால் தரையில் நிற்கவில்லை. சோப்புக் கையோடு இருந்த அண்ணியைக் கட்டிக்கொண்டேன். பைத்தியமா உனக்கு என்றார். ஆமாம்.

மே 11
பண்டகசாலையின் சுவர் இடுப்பளவு தெரிகிறது. கல் இப்போது அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள். வீட்டில் சிமெண்டுக் கல். காலர் அழுக்குப் போகவில்லை என்று தினமும் எனக்குத்தான் திட்டு.

சாயங்காலம் அண்ணி குழிக்கு வந்தார். ஒதுக்கிய கற்களைச் சுற்றிவந்து, ஒன்றைக் காலால் தட்டினார்.

"இது வேணுமா, நான் எடுத்துக்கவா?"

எடுத்துக்கோங்க என்று சொல்ல வாய் வரவில்லை. குவியல் முழுவதையும் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டேன்.