கூடத்துப் படத்திலிருக்கும் கார்

என் செல்ல மகனுக்கு, அம்மா நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் நம் பிள்ளைகள் சேதி. அக்காவின் பெரியவள் நர்ஸ் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவது, தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன், நடுவுள்ளவள் நீச்சலில் கோப்பை வாங்கி அதில் சீப்பு போட்டு வைத்திருக்கிறாள், கடைசிப் பையன் கார் விற்கும் கடையில் சேர்ந்து மூன்றே மாதத்தில் பதினோரு கார் விற்றுவிட்டான், வேலைக்குப் போவது மட்டும் பஸ்ஸில். கேட்டால், "விக்கறவனுக்கு எதுக்கு பாட்டி காரு, வாய் போதும்" என்கிறான்.

அவனிடம்தான் உன் விஷயத்தைக் கேட்டேன். புதுக் கார் வாங்கி அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்து அனுப்புவேன் என்று நீ சொல்லி நாலு வருஷம் ஆகிறது, போன தடவை போனில், "அப்பா பட்டறைச் சம்பளத்துல கார் வாங்கினாரு, நான் இவ்ளோ படிச்சும் முடியல" என்று சொன்னாய், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பையன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டான். அப்பா காலத்தில் ஒரு புதுக் கார் அவருடைய ஐம்பது மாதச் சம்பளமாம், இப்போது உனக்கு முப்பது மாதம்தானாம், ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்த வகுத்தல் எட்டவில்லை, ஆனாலும் "அப்ப கார் மலிஞ்சுதானேடா போச்சு" என்றேன். "மாமா சம்பளத்துல பாதி வாடகைக்கே போகுது பாட்டி, தாத்தா எவ்ளோ வாடகை குடுத்தாரு" என்று திருப்பிக் கேட்டான். பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் நாம் சும்மாதானே குடியிருந்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது, இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை. கூடத்தில் அப்பா காரில் சாய்ந்து நிற்கும் படம் இருக்கிறதே, அந்தக் கார் அவர் ஒருவருடையது இல்லை. அவரும் தையல்காரரும் முடிவெட்டுகிறவரும் சேர்ந்து வாங்கிய பழைய கார், ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமைக்குச் சீட்டுக் குலுக்குவார்கள், இடது கதவு திறக்காது, முடிவெட்டுகிறவர் முறை முடிந்து வந்தால் இருக்கையெல்லாம் முடி என்று அப்பா திட்டித் தீர்ப்பார். உனக்கு மூன்று வயது ஆகும் முன்பே விற்றாயிற்று. வாங்கின சட்டம் சின்னதாக இருந்ததால் படத்தின் இரண்டு ஓரத்தையும் நான்தான் மடித்து உள்ளே விட்டேன், நண்பர்கள் இரண்டு பேரும் பின்னால் போய்விட்டார்கள். நீ வளர்ந்து, "எங்கப்பா தனியாவே கார் வாங்கினாரு" என்று ஊரெல்லாம் சொன்னபோது திருத்த மனசு வரவில்லை, எனக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. நேற்று பெரிய சட்டம் வாங்கி, மடிப்பை நீவிவிட்டு மாட்டியிருக்கிறேன், மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

குழந்தையைத் தொப்பி போடாமல் குளிரில் தூக்கிக்கொண்டு போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு, எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழுங்கள். அப்பா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன், பஸ் ஸ்டாப்பில் நின்று எடுத்தாலும் சரி, நீங்கள் மூன்று பேரும் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு புதுப் படம் தபாலில் போடு, இந்தத் தடவை ஓரத்தை மடிக்க மாட்டேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா