அம்புக்குறி போட்ட ஃபோல்டர்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஹாஸ்டல் கொடியில் யூனிஃபார்ம் இன்னும் ஈரம்.

லேப்டாப்பில் மறுபடி அதே அறிவிப்பு. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் கிடையாதாம். என்னுடையது புதியதைத் தாங்கும், சோதித்தாயிற்று. சனிக்கிழமை லீவு. அன்றைக்கு மாற்றிவிட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து சர்வீஸ் கடையில் கேட்டேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுங்க மேடம், அப்பதான் ஸ்பீடா இருக்கும். வேணுங்கறத பென் டிரைவ்ல எடுத்து வெச்சுக்கங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். கேட்க நினைத்த இன்னும் இரண்டு கேள்விகள் வாயிலேயே நின்றுவிட்டன.

எடுத்து வைக்க வேண்டியவை:
டிகிரி சர்டிஃபிகேட் ஸ்கேன்
வீட்டில் எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு (என்னிடம்தான் இருக்கிறது)
'குரல்' ஃபோல்டர்

மற்றவை போனால் மறுபடி எடுக்கலாம். 'குரல்' போனால் போனதுதான். கல்லூரி முதல் வருடம் இங்கிலீஷ் மேடம் தினமும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிப் பதிவு செய்யச் சொன்னார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. போகப்போக இங்கிலீஷ் தமிழானது. இப்போதும் வாரத்துக்கு இரண்டு மூன்று. மொத்தம் 612. யாரும் கேட்டதில்லை.

மாலை, டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல பென் டிரைவ்.

ரூம்மேட் செல்வி, தென்காசிக்காரி, இந்த வாரமும் நைட் ஷிப்ட். நான் உள்ளே வர அவள் வெளியே. இன்றைய பேச்சு: "சாவி?" "ம்."

நவம்பர் 7, வெள்ளி

கம்பெனி கேட்டில் மாட்டிக்கொண்டேன்.

லேப்டாப்பும் பென் டிரைவும் ஒரே அறையில் இருக்க வேண்டாமென்று பென் டிரைவை மட்டும் சாப்பாட்டுப் பையில் போட்டிருந்தேன். உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; அதற்கு தினமும் போனை நீட்டுகிறேன். பென் டிரைவும் கூடாது என்பது மட்டும் எப்படியோ மறந்துவிட்டது.

செக்யூரிட்டி அக்கா டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து எடுத்தார். "ஏம்மா, இது என்னா, தொட்டுக்கவா?" வரிசை முழுக்கச் சிரிப்பு.

கம்பெனி ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஐ.டி. சார் வந்தார். செக்யூரிட்டி ரூம் கம்ப்யூட்டர். சுற்றி நான்கு பேர்.

"குரல்னு போட்டிருக்குது. என்னா இது, பாட்டா?"

"இல்ல சார். பேச்சு."

"யாரு பேச்சு?"

"என்னோடது சார்."

"எந்த மேடையிலம்மா?" என்றார் அக்கா.

ஐ.டி. சார் கிளிக் செய்தார். திறக்கவில்லை. மறுபடி கிளிக். திறக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

"இது வெறும் ஷார்ட்கட்மா. ஓரத்துல சின்ன அம்புக்குறி இருக்குது பாரு. உள்ள ஒண்ணும் இல்ல. நிஜ ஃபோல்டர் உன் லேப்டாப்லதான் எங்கியோ இருக்குது."

இடம் போதவில்லையென்று போன வருடம் டி டிரைவுக்கு மாற்றியது நானேதான். டெஸ்க்டாப்பில் இருந்தது ஐகான் மட்டும்.

நாளைக்கு எல்லாவற்றையும் அழித்திருப்பேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "அழிக்காமயே அப்கிரேட் பண்ணலாம். ஃபைல வெச்சுக்கலாமான்னு கேக்கும், அத டிக் பண்ணு. அதுக்கு முன்னாடி ஒழுங்கா காப்பி எடு. எடுத்தத வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாரு."

ரிஜிஸ்டரில் கையெழுத்து. மாலையில்தான் பென் டிரைவ் கைக்கு வந்தது. தேங்க்ஸ் சொல்ல மனதுக்குள் தயார் செய்துகொண்டு போனேன். ஐ.டி. சார் கிளம்பிவிட்டிருந்தார். அக்காவிடம் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம்: "வாயத் தொறந்துட்டா பாரு!"

நவம்பர் 8, சனி

வெயில். யூனிஃபார்ம் காய்ந்தது.

நிஜ ஃபோல்டர் காப்பி ஆக பதினொரு நிமிடம். வியாழக்கிழமையே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வார்டனிடம் கேட்டு (படியில் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு) ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினேன். திறந்தது.

10.40 ஆரம்பம். ஃபைல்களை வைத்துக்கொள்: டிக். இரண்டு முறை பார்த்தேன்.
38%. ரீஸ்டார்ட்.
61%. சாப்பிடப் போகவில்லை. செல்வி காலையில் வந்து படுத்தவள், தலைவரை போர்வை.
2.15 முடிந்தது. டி டிரைவ். 'குரல்'. 612.

எண்ணிக்கை சரி. ஓடுமா? நடுவில் ஒன்றை கிளிக் செய்தேன். புது விண்டோஸ் என் ப்ளூடூத் இயர்போனைக் கண்டுகொள்ளவில்லை. அறை முழுக்க என் குரல். எங்கள் வேப்பனப்பள்ளி வீட்டில் பேசியது. மாமரத்துக்கு அடித்த மருந்து நாற்றம், பஸ் வராமல் பரீட்சைக்கு அப்பாவோடு பால் வண்டியில் போனது. நடுவே அம்மா: "யார்கிட்டம்மா பேசிக்கினு இருக்கற?" நான்: "யார்கிட்டயும் இல்ல."

நிறுத்துவதற்குள் போர்வை விலகியது.

"யாரு பேசுதா?"

"நான்தான். சாரி."

"நீயா? அஞ்சு மாசமா ஒரே ரூம்ல கெடக்கோம். இவ்ளோ பேசுவியா நீ?"

எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு போடு, புள்ள."