மலைக்கு மேலே நின்ற ட்ரோன்

ரெட்டியார்சத்திரம்,
பங்குனி இருபது.

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

சுகன்யா எழுதுவது. இங்கே நான், பாப்பா, உங்கள் அண்ணன் வீடு, சினைமாடு எல்லாரும் சுகம். அங்கே உங்களையும் உங்களோடு காவல் நிற்கிற பிள்ளைகளையும் நம் காளியாத்தா குளிர் அண்டாமல் காப்பாற்றட்டும். அந்தப் பனிமலையில் செல்போன் எடுக்காது. உங்கள் ராணுவ போன் வந்தாலும் ‘சாப்டியா, பாப்பா தூங்கிட்டாளா’ என்பதற்குள் கட்டாகிவிடுகிறது. அதனால்தான் காகிதம். இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது, உங்களுக்கு ஒரு திட்டும் இருக்கிறது. திட்டை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் நீங்கள் கூப்பிட்டபோது, மேற்கே கொடைக்கானல் மலைக்கு மேலே பொழுது சாய்ந்ததும் ஒரு வெளிச்சம் நிற்கிறது, ஊரே பார்க்கிறது, என்னவாக இருக்கும் என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அசையாம நிக்குதுல்ல? அப்ப ட்ரோன்தான்” என்றீர்கள். லைன் போய்விட்டது. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில் உங்கள் அண்ணன். அம்புட்டுதான். ‘மிலிட்டரிக்காரனே சொல்லிட்டான்’ என்று மறுநாள் டீக்கடை வரைக்கும் பேச்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீங்கள் உங்கள் வாயால் எங்களையெல்லாம் கெடுக்கப் பார்த்தீர்கள்.

ஏற்கெனவே புது ரோடு வரப்போகிறது என்று ஒரு பேச்சு ஊரில் உலாவிக்கொண்டிருந்தது. உங்கள் வார்த்தை அதோடு சேர்ந்துகொண்டது. நிலம் வாங்கி விற்கிற புரோக்கர் ஆனந்த்ராஜ் காரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். “ரோட்டுக்கு ட்ரோன் விட்டு அளக்குறாய்ங்க மாப்ள. ஒங்க சம்பங்கிக் காடு அம்புட்டும் போகும். நோட்டீஸ் வந்துட்டா ஒரு பய சீந்த மாட்டான். இப்பவே எனக்குக் குடுத்துருங்க, வம்பை நான் பாத்துக்கிறேன்” என்று உங்கள் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பயந்துபோனார். வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம், உங்கள் பங்குக் காசைப் பாப்பா பேரில் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தார்.

எனக்கு எப்படி மனசு வரும்? கல்லும் கருவேலமுமாகக் கிடந்த பூமி அது. நீங்கள் ஒவ்வொரு லீவுக்கும் வந்து என்னோடு நின்று திருத்திய பூமி. உங்கள் அண்ணன் அச்சாரம் மட்டும் வாங்கிவிட்டால் அப்புறம் சாமியே வந்தாலும் வாக்கு மாற மாட்டார், அது உங்களுக்கும் தெரியும். வாங்குவதற்குள் அந்த வெளிச்சம் எதுவென்று கண்டுபிடித்தாக வேண்டும். ட்ரோன் என்றால் அந்த ட்ரோனையே பிடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு பிரிட்டோவுக்குப் போன் போட்டேன். நம் பாப்பா காதுகுத்துக்கு வீடியோ எடுத்தாரே, அவரேதான்.

பிரிட்டோ கல்யாணத்துக்குப் பறக்கவிடுகிற ட்ரோனைக் கொண்டுவந்தார். துணைக்கு அவர் மனைவி ஜெஸ்ஸி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ட்ரோன் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. மேலே நின்ற வெளிச்சம் மட்டும் கிட்டவே வரவில்லை. இதற்குள் கீழத் தெருக்காரர்கள் பிரிட்டோவின் ட்ரோனைப் பார்த்துவிட்டு, “எறங்கிருச்சு! அளக்க எறங்கிருச்சுடோய்!” என்று கத்திக்கொண்டு கல்லும் கம்புமாக ஓடி வந்துவிட்டார்கள். அந்தப் பதற்றத்தில் பிரிட்டோ எதை அழுத்தினாரோ, ட்ரோன் நம் தென்னை மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மரமேறி இறக்கும்போது கூடவே ரெண்டு இளநீரும் விழுந்தது. பிரிட்டோவுக்குக் குடிக்கக் கொடுத்தோம், பாவம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

அதற்கப்புறம் ஜெஸ்ஸி சொல்லித்தான் தூரத்தை இழுத்துக் காட்டுகிற பிரிட்டோவின் கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் மாட்டி அந்த வெளிச்சத்தைப் பார்த்தோம். மச்சான், என்ன தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? குட்டிப் பிறை! நிலா வேறு எங்கேயோ இருக்க, இது தனியாக ஒரு பொடி நிலா. “அக்கா, இது ட்ரோனும் இல்ல ஒண்ணும் இல்ல. இது வெள்ளி. நீங்க பூப்பறிக்கப் போறப்ப கெழக்க பாப்பீங்களே விடிவெள்ளி, அதேதான். கொஞ்ச மாசம் விடியக்காலம் வரும், கொஞ்ச மாசம் சாயங்காலம் வரும். பங்குனிக்குள்ள இங்க மறைஞ்சு அங்க வந்துரும் பாருங்க” என்று ஜெஸ்ஸி சொன்னாள்.

நமக்கு வெட்கக்கேடா இல்லையா? விடிவெள்ளியைப் பார்த்து எழுந்திரிக்கிற பூக்காட்டு ஜனம் நாம். காலையில் பார்த்த ஆளைச் சாயங்காலம் அடையாளம் தெரியாமல் போய்விட்டதே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்கள் அண்ணனா நம்புவார்? “மேக்க மறையிறது கெழக்க வருமாக்கும்? அது என்ன டவுன் பஸ்ஸா, போய்ட்டுத் திரும்பி வர?” என்றார். நானும் விடவில்லை. கடைசியில் அவரே ஒரு கெடு வைத்தார். பங்குனி உத்திரத்துக்குள் அந்த வெளிச்சம் கிழக்கே வந்தால் நிலத்தை விற்பதில்லை. வராவிட்டால் அச்சாரம் வாங்குவார், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரி என்று பாப்பா தலைமேல் கைவைத்துச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

ஜெஸ்ஸி சொன்ன மாதிரியே அது நாளுக்கு நாள் இறங்கி, ஒருநாள் மேற்கே காணாமல் போனது. நான் சந்தோஷப்பட்டேன். ஊரோ, “சர்வே முடிஞ்சுருச்சு, இனி நோட்டீஸ்தான்” என்றது! ஆனந்த்ராஜ் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து, அச்சாரம் கொடுக்க நாள் குறித்துக்கொண்டு போனார். தினமும் விடியக்காலம் கிழக்கே பார்ப்பேன். மேகம். மறுநாளும் மேகம். ஜெஸ்ஸி தப்பாகச் சொல்லியிருந்தால் என் வாயாலேயே நிலத்தைக் கொடுத்தவளாகிவிடுவேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான் மச்சான், மறைக்க என்ன இருக்கிறது.

நேற்று விடியக்காலம் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு குனிந்து சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தோம். உங்கள் அண்ணி சிவனம்மாள் அக்கா, நிலத்தை விற்கிற பேச்சு எடுத்த நாளிலிருந்து வாயே திறக்காதவர், இடுப்பு வலிக்கிறது என்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் கத்தினார் பாருங்கள், “அடியே சுகன்யா! அங்க பாருடி! வந்துருச்சுடி!” திண்டுக்கல் பக்கம், அடிவானத்தை ஒட்டி, கழுவிவிட்ட மாதிரி வானத்தில் பளிச்சென்று நிற்கிறது. நான் பூக்கூடையைப் போட்டுவிட்டுக் குதித்தேன். அக்காவும் நானும் கட்டிக்கொண்டு ஆடினோம்.

உங்கள் அண்ணன் மோட்டார் ரூமிலிருந்து ஓடி வந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். “இது வேற ட்ரோனா இருக்குமோ?” என்றார்! அக்கா ஒரு பார்வை பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த பிரிட்டோவை எழுப்பிக் கேமராவோடு வரச்சொல்லி, அதில் பார்த்தால் அதே குட்டிப் பிறை. அண்ணன் அங்கேயே போனை எடுத்து ஆனந்த்ராஜிடம், “நெலம் விக்கிறதா இல்ல மாப்ள. வேற எடம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நீ புத்திசாலிதாம்மா” என்றார். அன்று பூப்பறித்த அத்தனை பேருக்கும் பருத்திப்பால் அவர் செலவு. இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்கிறார்கள்.

ரோடு நிஜமாகவே வந்தால் அன்றைக்குப் பார்ப்போம். வராத ரோட்டுக்குப் பயந்து காட்டை விற்கிற புத்தி நமக்கு வேண்டாம். அண்ணன் மேல் வருத்தம் வைக்காதீர்கள். நமக்கு நஷ்டம் வரக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்தார். அடுத்து போன் கிடைத்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், அப்புறம் என்னிடம் பேசலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். காலில் ஈரச் சாக்ஸோடு படுக்காதீர்கள். மலைமேல் ஏதாவது வெளிச்சம் நின்றால் இனி நன்றாகப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

நிலத்தை நான் காப்பாற்றி வைத்துவிட்டேன் மச்சான். அதில் வந்து நிற்க வேண்டிய ஆளை நீங்கள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

பாப்பாவின் முத்தங்களோடு,
உங்கள் சுகன்யா.