ஏழு எழுத்து தள்ளி

இன்று காலை காபி ஆறுவதற்குள் கைப்பேசியில் ஒரு கேள்வி வந்தது. நான் சந்தா கட்டி வைத்திருக்கும் மின்னஞ்சல் நிறுவனம் கேட்கிறது. உங்கள் மின்னஞ்சலைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். அதேபோல நீங்கள் தனியாகப் பேசிக்கொள்ளும் சின்னச் செய்திகளையும், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நாங்கள்கூடப் படிக்க முடியாதபடி பூட்டித் தரலாமா? ஆம், இல்லை.

கீழே மற்ற சந்தாதாரர்களின் அபிப்பிராயங்கள். ‘மின்னஞ்சல் பத்திரமாக இருந்தால் போதாதா?’ என்று ஒருவர். ‘நேர்மையாக வாழ்கிறவர்களுக்கு எதற்கு இத்தனை மறைவு?’ என்று இன்னொருவர். அவர் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள் இருந்தன. நாம் வேலை பார்த்த போன் கடை அண்ணாச்சி எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் அன்றைக்குச் சொன்னதைத்தான் இவர் மூன்று பட்டம் வாங்கிக்கொண்டு வந்து சொல்கிறார். உன்னிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று உன் எண்ணைத் தேடினேன். நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

விக்கிரமசிங்கபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அண்ணாச்சியின் போன் கடை. தொண்ணூறுகளின் கடைசி. ஊருக்கே ஒரு கம்ப்யூட்டர், ஊருக்கே ஒரு மின்னஞ்சல் முகவரி. ‘இ-மெயில் பத்திரமாக அனுப்பித் தரப்படும்’ என்று வெளியே போர்டு. மில்லுக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து எழுதும் கடிதம் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான் வந்து விழும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பார்கள். வருவதை அச்செடுத்து, நான்காக மடித்து, மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்து, மேலே பேர் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பது என் வேலை. போகிறதைத் தட்டுவது உன் வேலை. மூன்று பின்தான் அண்ணாச்சியின் பாதுகாப்பு. அடிப்பதற்கு முன்னால் அவர் ஒரு தடவை படித்துவிடுவார். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யாரை அரபி முதலாளி வேலை வாங்கிக் கொல்கிறான், எல்லாம் சாயங்கால டீக்குள் பஸ் நிறுத்தத்துக்கே தெரிந்துவிடும்.

நீதான் முதலில் கேட்டாய். “அண்ணாச்சி, நாமளும் வாசிக்க முடியாத மாதிரி ஒரு வழி பண்ணிக் குடுத்தா என்ன?”

அவர் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “அதான் பின் அடிச்சுக் குடுக்கோம்லாட்டி. நல்ல குடும்பத்துப் பிள்ளையளுக்கு ஒளிக்கதுக்கு என்ன இருக்கு?”

அதைச் சொன்னபோது அவர் கையில் யாரோ ஒருத்தியின் கடிதம் பிரிந்து கிடந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அவர் தோளுக்கு மேலாக நானும் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ அவரிடம் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. கடைக்குக் கடிதம் எழுத வரும் செல்வியின் புருஷன் சவூதியில் தமாமிலிருந்து லீவில் வந்திருந்த சமயம், இரண்டு பேரையும் கடையில் உட்காரவைத்து, அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் இருந்த மில் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், வீட்டு எண் ஏழு. ஏ எழுதவேண்டிய இடத்தில் ஏழு எழுத்து தள்ளி எச். பி வரவேண்டிய இடத்தில் ஐ. படிக்கும்போது ஏழு எழுத்து பின்னால் வரவேண்டும். அவ்வளவுதான் உன் பூட்டு. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், கொஞ்சிக்கொள்ளட்டும் என்று நினைத்தாய். செல்வி வெட்கப்பட்டு முந்தானையைக் கடித்தது நினைவிருக்கிறது.

நான்கு வருஷம் கழித்து அந்தப் பூட்டை அவர்கள் மறுபடி எடுத்தபோது அது கொஞ்சலாக இல்லை. கையில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் புருஷனின் அண்ணன். கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் பார்த்துவிட்டு அவளிடம் தருகிறவனும் அவன்தான். வீட்டு ஆம்பிளையிடம்தான் தரவேண்டும் என்பது கடையின் சட்டம். செல்வி எழுத்துகளைத் தள்ளி எழுதிக்கொண்டு வரும் தாளை நீ அப்படியே தட்டுவாய். எண் உனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் நீ அதைப் பெயர்த்துப் பார்த்ததில்லை. “அவ எனக்கா எழுதுதா?” என்று கேட்டாய், அவள் என்ன எழுதியிருப்பாள் என்று நான் உன்னைச் சீண்டிய அன்று.

பதில் வரும்போதெல்லாம் கச்சாமுச்சாவென்று இருக்கும் எழுத்துகளைப் பார்த்து அண்ணாச்சிக்குப் பயம் வந்துவிட்டது. வைரஸ் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே வருகிறோம், பிறகு எப்படி நுழைந்தது என்று ஆராய்ந்தார். விசைப்பலகையைக் கவிழ்த்துப் பேப்பர் மேல் தட்டிப் பார்த்தார். இரண்டு எறும்பும் பொரிகடலைத் தூளும் விழுந்தன. “பாத்தியா” என்றார். இந்த மனிதரிடம்தான் ஊர் தன் வாயையும் வயிற்றையும் ஒப்படைத்திருந்தது.

ஒரு புதன்கிழமை அந்த அண்ணன்காரன் தாளோடு வந்து கத்தினான். “என்னவே இது? நாலு மாசமா இப்பிடித்தான் வருது. எவன் தலையெழுத்து இது?”

“வைரஸ்வே. நான் என்ன செய்ய?” என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் என் வாய் திறந்தது. “வைரஸ் இல்ல அண்ணாச்சி. அவுக வீட்டு நம்பர வச்சுப் படிக்கணும்.”

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். கெட்டிக்காரி என்று ஒருவராவது நினைத்திருப்பார். அதற்காகத்தான் சொன்னேன், வேறு ஒரு காரணமும் இல்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணாச்சியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் லைன் பக்கம் போனாய்.

அண்ணாச்சியும் அண்ணன்காரனுமாக இரண்டு தடிமாடுகளும் மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தார்கள். விரல்விட்டு எண்ணினார்கள். எல்லுக்குப் பிறகு எம்மா என்னா என்று சண்டை போட்டார்கள். பின்னால் வரவேண்டியதை முன்னால் தள்ளி, அரை மணி நேரம் வேறொரு குப்பையை எழுதி முடித்தார்கள். பின்னால் எண்ணணும் என்று திருத்தச் சொல்லி என் நாக்கு துறுதுறுத்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உன் பார்வை இன்னும் முகத்தில் இருந்ததால் சொல்லவில்லை. சாயங்காலம் ஒருவழியாக அவர்களே கண்டுபிடித்தபோது, ‘வெள்ளிக்கிழமை உன் கூடப்பிறந்த அண்ணன் வருவான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனோடு கிளம்பு’ என்று இருந்தது. அண்ணன்காரன் எழுந்து ஓடினான். அதற்குள் செல்வியும் குழந்தையும் உன் துணையில் திருநெல்வேலி தாண்டி, அவள் பிறந்த வீட்டுக்குப் போகும் சாத்தான்குளம் பஸ்ஸில் இருந்தார்கள்.

மறுநாள் அண்ணாச்சி உன்னை வாசலிலேயே நிறுத்தினார். “குடும்பத்தக் கெடுக்குத பிள்ளைக்கு இங்கன வேலை இல்ல.” நீ உள்ளே வந்து உன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் என்னிடம், “எண்ணுததுல நீ கெட்டிக்காரிட்டி” என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சந்தித்தோம், போனில் சிரித்தோம். அந்தப் புதன்கிழமையை நீ திரும்ப எடுத்ததே இல்லை.

எனக்கு அந்த முறை மட்டும்தான் தெரியும் என்று நீ நினைத்திருந்தாய். அந்த அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். செல்வியின் கடிதங்களை, போனதும் வந்ததுமாக, நான்கு மாதமும் ஒன்று விடாமல் பெயர்த்துப் படித்தவள் நான். அந்த அண்ணன் அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அவன் வந்து கத்தியபோது அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி மடையர், அவரைச் சொல்லிப் பயனில்லை. அந்தக் கடையில் விஷயம் தெரிந்து கேடு செய்தவள் நான் ஒருத்திதான்.

கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டேன். கீழே, காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. மூன்று பட்டக்காரரைத் திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாததை, இங்கிலீஷ் எழுத்தில், ஏழு எழுத்து தள்ளி எழுதினேன். அந்த நிறுவனத்தில் யாராவது பார்த்தால் வைரஸ் என்று நினைத்துக்கொள்ளட்டும். நீ பார்த்தால், பின்னால் எண்ணு.