கழுத்தில் இல்லாத நம்பர்

ஆவடி
8.2.1992

என் கண்ணு,

அப்பாவுக்கு இடுப்பிலிருந்து எடுத்துக் கழுத்தில் வைத்த எலும்பு ஒட்டவில்லையாம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "கழுத்துப் பட்டையை ஒழுங்கா போட்டாராம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், படுக்கை விரிப்பை மாற்ற வந்த ஆயா பட்டையைக் கழற்றிவிட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். அப்பா அலறினார். அடுத்த வேளைக்கும் அவள்தானே வரவேண்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "ஃபேக்டரில நா வெல்டு வெச்ச எடத்துலல்லாம் என் நம்பர் அடிச்சிகீது. இருவது வருசம் கழிச்சி விரிசல் உட்டாலும் என்னத்தான் கூப்ட்டுக் கேப்பாங்க. என் கழுத்துல யார் நம்பர் கீது, சொல்லு?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று நான் எழுந்து போய்விட்டேன். பால் ஏதும் வைத்திருக்கவில்லை.

மாசமாக இருக்கும்போது நீ அலைய வேண்டாம். அப்பா நன்றாகத்தான் சாப்பிடுகிறார். உறைமேல் விலாசம் எழுத எப்போதும்போல அவர்தான் உட்கார்ந்தார்; மூன்று தடவையும் பேனா விரலில் நிற்கவில்லை. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் அம்மா