வாசலில் போட்ட நாற்காலி

சேரப்பணஞ்சேரி
14.6.2025

என் தங்கப் பேத்தி சசிரேகாவுக்கு ஆயா ரத்னா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சித்தப்பா ரகுபதியின் மகள் பிரவீனா நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. மறைமலை நகர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. அவள் தம்பி மோகனுக்கு ஒரகடம் கம்பெனியில் அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகப்போகிறது. நீயோ டெல்லியில் சர்வே ஆபீஸ். அஞ்சாவது படித்தவளின் பேரப்பிள்ளைகள் என்று பால்காரனிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவன் இப்போதெல்லாம் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். உன் புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. ஹாலில் மாட்டியிருப்பதில் உனக்கு இன்னும் ரெட்டை ஜடைதான்.

போன புதன்கிழமை உங்கள் சர்வேயிலிருந்து முத்துச்செல்வி என்று ஒரு பெண் வந்தாள். தென்காசிப் பக்கமாம். யாருக்கு என்ன போதைப் பழக்கம் என்று நாடு முழுக்கக் கேட்கிறார்களாம். வீட்டுக்கு ஒருவரைத்தான் கேட்பார்களாம், எங்கள் வீட்டில் அவள் கையிலிருந்த மெஷின் மோகன் பேரைப் பொறுக்கிக் காட்டியது. “ஆச்சி, நீங்க செத்த வெளிய இருங்க. அண்ணங்கிட்ட தனியாத்தான் கேக்கணும்” என்றாள்.

“எங்க வூட்ல ஒளிக்கிறதுக்கு இன்னா கீது, கேளும்மா” என்று அவன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவன் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் போன பிறகு சொன்னான், “நீ குந்திகினு இருந்தா நான் எப்படி ஆயா சொல்லுவேன்?”

கம்பெனியில் ஓ.டி. என்று கூடுதல் நேரம் வேலை பார்க்க வலி மாத்திரை போட ஆரம்பித்தானாம். இப்போது அது இல்லாவிட்டால் கை நடுங்குகிறதாம். விட்டுவிடத்தான் பார்க்கிறான். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

என்னால் உன் வேலையில் ஒரு பொய் ஏறிவிட்டது. அந்த ‘இல்லை’யை ‘ஆமாம்’ என்று நீயே திருத்திவிடு கண்ணு. போன் உன் சித்தப்பா ரகுபதியிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதம். யாரிடமும் சொல்லாதே.

உன் ஆயா
ரத்னா

டெல்லி
25.6.2025

அன்புள்ள ஆயா,

உன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன், முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அந்தப் பதிலை நான் திருத்த முடியாது. இங்கே வந்து சேரும்போது எது யார் வீட்டுப் பதில் என்று எங்களுக்கே தெரியாது. பேர் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்கிறோம். இல்லாவிட்டால் யார் வாய் திறப்பார்கள்? தனியாக உட்காரவைப்பதும் அதற்குத்தான். நீ நாற்காலி போட்டிருக்கக் கூடாது.

நீ எழுதியது என்னோடு இருக்கும். கவலைப்படாதே. போட்டோ எடுத்ததும் அனுப்புகிறேன்.

உன் சசி

சேரப்பணஞ்சேரி
19.7.2025

சசிரேகாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. போதை மறுவாழ்வு இல்லம் என்று சொல்லி நாலு பேர் உள்ளே வந்து மோகனைக் கைலியோடு தூக்கிப் போனார்கள். ரகுபதி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“யார்டா உன்னாண்ட சொன்னது?” என்றேன்.

“உன் டெல்லிப் பேத்திதான் போன் போட்டா. அவளுக்கு இருக்கிற அக்கறை உனுக்கு இல்ல.”

மோகன் காதில் அது விழவில்லை. வேனுக்குள்ளிருந்து என்னையே பார்த்தான். “உன்னாண்ட மட்டும்தான ஆயா சொன்னேன்” என்றான்.

ஊரார் பிள்ளைகள் பேரையெல்லாம் உங்கள் ஆபீஸில் பூட்டி வைக்கிறீர்கள். உன் தம்பி பேரை வைக்க உன்னிடம் இடமில்லாமல் போயிற்றா?

ரத்னா

டெல்லி
2.8.2025

ஆயா,

பயந்துவிட்டேன். தினமும் அந்த எண்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒன்று என் தம்பி என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சித்தப்பா டாக்டரிடம் கூட்டிப் போவார் என்று நினைத்தேன். வேனைக் கூப்பிடுவார் என்று நினைக்கவில்லை. சொன்னது நான்தான் என்று மோகனிடம் சொல்லிவிடு. நீ கேட்ட போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

சசி

சேரப்பணஞ்சேரி
11.9.2025

சசிரேகாவுக்கு,

மோகனை வெளியே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை. கம்பெனியில் பேரை எடுத்துவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் தளவாய் என்ற திருநெல்வேலிப் பையனோடு அறையில் இருக்கிறான். டிபன் கேரியரோடு போனேன். “அவன் தூங்குதான் ஆச்சி” என்று தளவாய் கதவை மறித்து நின்றான். உள்ளே மோகன் இருமுகிற சத்தம் கேட்டது. கேரியரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னது நீ என்று அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆயாதான் காட்டிக்கொடுத்தாள் என்றே இருக்கட்டும். எனக்குப் பிறகு பிரவீனாவோடு நீயும் அவனுக்கு அக்காவாக வேண்டும். இதை உனக்காகச் செய்யவில்லை.

போட்டோ வந்தது. பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். இனி அனுப்ப வேண்டாம், நானும் கேட்க மாட்டேன்.

நேற்று முத்துச்செல்வி மறுபடி வந்தாள். சில வீடுகளில் அதே ஆளிடம் பதிலைத் திரும்பக் கேட்டுச் சரிபார்ப்பார்களாம். அவள் சொல்வதற்கு முன்பே நாற்காலியைத் தூக்கிப்போய் வாசலில் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே போனவள் கொஞ்சம் பொறுத்து வெளியே வந்தாள்.

“ஆச்சி, உள்ள யாருமே இல்லையே” என்றாள்.

ரத்னா