உப்புக்கு வாசம் உண்டு

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று மாட்டிக்கொண்டேன். காலையில் நானே டீ போட்டுப் பாதி குடித்திருந்தேன். சாஜிதா வந்து டம்ளரை எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பால் கெட்டுப்போயி ஊடு பூரா நாறுது. இதை எப்படிங்க குடிச்சீங்க?"

மேலே மிதந்ததை ஏடு என்று நினைத்துவிட்டேன். சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்ததால் புளிப்பும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கின் வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முழுதாக ஒரு மாதம். நாக்கில் உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு என்று நான்கு மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் காலி.

"ஒரு மாசமா என்ற சமையலை ஆகா ஓகோன்னீங்களே!" என்றாள். அவளுக்கு அதுதான் பெரிய கோபம்.

எனக்குப் பயம் வேறு. நான் பழைய கார் வாங்குகிறவர்களுக்குக் காரைப் பார்த்துச் சொல்கிற ஆள். இருபது வருடமாக இதுதான் சோறு. போத்தனூரில் 'மீரான் மோந்து பார்த்த வண்டி' என்றாலே ஒரு மதிப்பு. கதவைத் திறந்ததும் பாதி தெரிந்துவிடும். கிளட்ச் கருகியிருந்தால் ஒரு வாசம், எங்கேயோ ஆயில் கசிந்தால் ஒரு வாசம். அந்த மீரானுக்கு இன்று பால் கெட்டது தெரியவில்லை. இதை வெளியே சொன்னால் யார் கூப்பிடுவார்கள்?

5 பிப்ரவரி, புதன்

டாக்டர் மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். வரலாம், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். காலையும் மாலையும் கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சைத் தோல் மூன்றையும் மோந்து பார்க்க வேண்டுமாம்.

சாஜிதாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "டப்பாவைத் தொறந்து மோந்தா என்னங்க வரும்? அடுப்புக்கு வாங்க. எண்ணெய்ல தாளிச்சாத்தான் மூக்குல ஏறும். நாளையிலிருந்து மத்தியானச் சோறு உங்க பொறுப்பு."

வைத்தியமா, வேலை வாங்குகிறாளா என்று தெரியவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

அரிசியும் பருப்பும் செய்தேன். ஒரே குக்கர், ஒரே அடுப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய். கடைசியில் ஒரு கரண்டி நெய். இவ்வளவு குறைந்த செலவில் இரண்டு வயிறு இப்படி நிறையுமா! பீர்க்கங்காயைப் பொரியலுக்கு எடுத்தவள் தோலைத் துவையலாக்கிவிட்டாள். நான் குப்பையில் போடப் போனதைக் கையிலிருந்து பிடுங்கினாள். இருபத்து நான்கு வருடமாக இந்த வீட்டில் சாப்பிடுகிறேன். குப்பைக்கும் தட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு ஆள் நின்றிருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

சாயங்காலம் ரயில்வே காலனிப் பக்கம் காளிச்சாமி அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் அவருடைய கான்டெஸாவைப் பார்த்துவிட்டு வந்தேன். காரென்றால் எனக்கு அதுதான். என்ன நீளம்! முகப்பைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டேன். பழைய ரெக்சின், பெட்ரோல், வெயில் மூன்றும் கலந்து அடிக்கும். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த காரைப் பார்ப்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து, "உனக்குப் புடிச்ச கார் எது?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆம்னி வேன்ங்க. பின்னாடி சீட்டை எடுத்துப்போட்டா ரெண்டு பிரியாணி தேக்சா ஒட்டுக்கா வெக்கலாம்."

14 பிப்ரவரி, வெள்ளி

மோகனப்பிரியா என்ற பெண்ணுக்கு ஒரு வெள்ளைக் கார் பார்த்துக் கொடுத்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பழைய கார் விற்கிற அபிலாஷின் யார்டில் நின்ற வண்டி. எஞ்சின் சத்தம் சுத்தம். ஓட்டிப் பார்த்ததிலும் குறையில்லை.

"எனக்கு இளைப்பு இருக்குதுங்ணா. பஸ்ல புகையும் தூசியும் ஆகறதே இல்லீங்க. அதுக்குத்தான் கார். நீங்க நல்லாருக்குதுன்னு சொன்னாப் போதும்."

சொன்னேன்.

எஞ்சின் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. கஞ்சி காய்ச்சுவது நான், பக்கத்தில் நின்று ஏவுவது அவள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கைப்பிடி கறி. ஒரு கை அரிசி பொங்கிப் பொங்கி ஒரு தேக்சா ஆனது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கு போனது.

நோன்பில் உப்புப் பார்க்க நாக்கில் வைக்க மாட்டாள். குனிந்து ஆவியை ஒரு முறை இழுத்தாள். "அரைக் கரண்டி கம்மிங்க." போட்டேன். மறுபடி இழுத்தாள். "இன்னும் ஒரு சிட்டிகை. ஆ, போதும்."

பாங்கு சொன்னதும் குடித்தேன். உப்பு எனக்குத் தெரியுமே, அந்த நான்கில் அது ஒன்று. ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உப்புக்கு ஏது வாசம் என்று கேட்டேன்.

"உப்புக்கு இல்லாம இருக்குமா? உப்பு பத்தலீன்னா கஞ்சி பச்சையா வாசம் வரும். செரியாப் போட்டா வாசம் அடங்கும். அம்பது வயசாகப் போவுது, இது தெரியலீங்களா?"

வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் என் மூக்கைப் பற்றிப் பேசியது. அதைவிடப் பெரிய மூக்கு என் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. வருடத்தில் ஒரு மாதம், ருசி பார்க்காமலே சமைத்துச் சமைத்துத் தீட்டிய மூக்கு.

6 மார்ச், வியாழன்

மோகனப்பிரியா போன் செய்தாள். "ஏசி போட்டாவே இருமல் வருதுங்ணா. நேத்து வழியில வண்டிய நிறுத்திப்போட்டு மருந்து இழுத்தேன். எனக்கு இளைப்பு கூடிருச்சா, இல்ல வண்டில எதுவும் இருக்குதுங்களா?"

ஏசி பில்டரில் தூசி இருக்கும், மாற்றுங்கள் என்றேன். நோன்பு வாயால் சொன்னேன்.

7 மார்ச், வெள்ளி

ஜும்மாவில் நிற்க முடியவில்லை. என்ன செய்துவைத்திருக்கிறேன்? எப்போதும் மூக்கு முதலில் சொல்லும், பிறகு கை தேடும். இருபது வருடப் பழக்கம். அன்று மூக்கு எதுவும் சொல்லவில்லை, அதனால் கை தேடவே இல்லை. காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேனா? இல்லை. ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்தேனா? இல்லை. மூக்கு செத்துக் கிடப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதானே நல்லாருக்குதுன்னு சொன்னேன்! அந்தப் பொண்ணு மூச்சுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?

சாஜிதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

8 மார்ச், சனி

பெரியநாயக்கன்பாளையம். மோகனப்பிரியா வீட்டு வாசலில் வெள்ளைக் கார் வெயிலில் நின்றது. சாஜிதா உள்ளே ஏறி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னாள். கண்ணை மூடி உட்கார்ந்தாள். நோன்பு, அந்த வெயில், மூடிய கார். நான் கதவுப் பிடியில் கை வைத்தபடி வெளியே நின்றேன்.

இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மேலாப்புல சந்தன சென்ட்டுங்க. அதுக்குக் கீழ நனைஞ்ச சாக்கு வாசம். அதுக்கும் கீழ கொளத்துச் சேறு."

விரிப்பைத் தூக்கினேன். அடியில் பஞ்சு இன்னும் ஈரம், கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. சீட் போல்ட்டெல்லாம் துரு. ஸ்டெப்னிக் குழியில் காய்ந்த சேறு. எங்கேயோ வெள்ளத்தில் நின்ற வண்டி. அவள் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தப்பு செய்த நான், அந்த நேரத்திலும் பிரமித்து நின்றேன். அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

மோகனப்பிரியாவிடம் சொன்னேன். "எனக்கு ரெண்டு மாசமா வாசமே தெரியறதில்லைங்க. அதை மறைச்சுத்தான் உங்களுக்குக் கார் பார்த்தேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பேனுங்களே அண்ணா" என்றாள். அந்த 'ங்க' ஒவ்வொன்றும் சுட்டது.

அங்கிருந்து நேராக அபிலாஷ் யார்டு. வெளியூரில் மொத்தமாக எடுத்த வண்டிகளில் ஒன்றாம், அவனுக்கும் தெரியாதாம். நான் நகரவில்லை. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியபோது இறங்கிவந்தான். "வண்டிய எடுத்துக்கறேனுங்க. அந்தப் பொண்ணுக்கு முழுசாக் குடுத்தர்றேன். ஆனா மீரான் பாய், இனி உங்க பேச்சுக்கு நம்ம யார்டுல வேலை இல்லீங்க."

நியாயம்தான். யார்டிலேயே தண்ணீர் வாங்கி நோன்பு திறந்தோம்.

19 மார்ச், புதன்

பதினொரு நாளாக ஒரு போன் இல்லை. அபிலாஷ் சொல்லாமலா இருப்பான்? கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சை. ஒன்றுமில்லை.

எலும்பு வாங்கித் தால்சா வைத்தோம். பருப்பு, கத்திரிக்காய், மாங்காய், கொஞ்சம் புளி. ஒரு எலும்பை வைத்து இரண்டு நாள் ஓட்டுகிறாள். "பெட்ரோல் இல்லாமயே ஓட்டறே" என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். பிரியாணி. உப்பும் காரமும் தெரிந்தது. வந்தவர்களெல்லாம் தெருவுக்கே மணக்கிறது என்றார்கள். நான் தலையாட்டினேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

நேற்று மோகனப்பிரியா கூப்பிட்டாள். எடுப்பதா என்று யோசித்து, கடைசி மணியில்தான் எடுத்தேன். மதுக்கரையில் ஒரு வீட்டுக்காரர் கார் விற்கிறாராம். "அக்கா வந்து பாப்பாங்களா? நீங்களும் வாங்ணா."

நீங்களும்! சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

இன்று போனோம். சாஜிதா உள்ளே உட்கார்ந்து, "கொழந்த பால் கக்கியிருக்குது. ஓட்டினவரு வெத்தலை போடுவாரு. மத்தபடி சுத்தம்" என்றாள். காரின் சொந்தக்காரர் சட்டென்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். நான் காதை வைத்துக் கேட்டேன், சரியாகத்தான் இருந்தது. அவள் மட்டும் மூக்கைச் சுருக்கினாள். "இங்க எங்கியோ வெல்லம் காயுதுங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கிற மருந்து சூட்டில் பட்டால் இனிப்பாக வாசம் வரும். இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. விளக்கடித்துத் தேடினேன். ரேடியேட்டர் ஓஸ் மூட்டில் ஊசிமுனை அளவு கசிவு. நான் தனியாகப் பார்த்திருந்தால் விட்டிருப்பேன். அவள் தனியாகப் பார்த்திருந்தால் வெல்லம் எங்கே என்று தேடியிருப்பாள். வாசம் அவளுக்குத் தெரிகிறது, அதன் பெயர் எனக்குத் தெரிகிறது.

ஓஸை மாற்றிக்கொண்டு காரை எடுத்துவிட்டாள் மோகனப்பிரியா. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, "இருமல் வரலீங்க அக்கா!" என்றாள். சாஜிதாவைத்தான் பார்த்துச் சொன்னாள்.

16 ஏப்ரல், புதன்

இந்த வாரம் மூன்று போன். மூன்றிலும் "அக்கா இருக்காங்களா?"

27 ஏப்ரல், ஞாயிறு

இன்று சாஜிதா முதல்முறையாக நான் இல்லாமல் கார் பார்க்கப் போனாள். மோகனப்பிரியாவின் தோழி லோகப்பிரியாவே வந்து கூட்டிப்போனாள். உள்ளே உட்கார்ந்து பார்ப்பது மட்டும் இன்று, எஞ்சினை நாளை நான் பார்ப்பதாகப் பேச்சு. போகும்போது கண்ணாடியில் இரண்டு முறை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வாரேனுங்க. அடுப்பு பத்திரம்."

குக்கரின் வளையம் தளர்ந்துவிட்டது, அதனால் அரிசியும் பருப்பும் சட்டியில் வைத்தேன். தீயைக் குறைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பரில் கார் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அய்யோ, அடி பிடிக்குதே' என்று எழுந்து ஓடினேன். அடுப்பை அணைத்தேன். சட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்தால் அடி கறுப்பு. சரி, மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று கரண்டியைத் தேடினேன்.

கரண்டியை எடுத்த பிறகுதான் உறைத்தது. வாசலில் இருந்த எனக்கு அடி பிடித்தது எப்படித் தெரிந்தது?

யா அல்லாஹ்.

சட்டிக்குள் முகத்தை விட்டேன். இருந்தது. கருகல். கசப்பான, கறுப்பான, அருமையான கருகல். கிராம்பு டப்பாவைத் திறந்தேன், இல்லை. காப்பித்தூள், இல்லை. பெருங்காயம்கூட இல்லை. ஓடிவந்து மறுபடி சட்டி. இருக்கிறது! அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

சாஜிதா வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, தெருமுக்குலயே வாசம் வருது. தீய வெச்சுப்போட்டீங்களா?"

"ஆமா சாஜி. எனக்கும் வந்துச்சு."

பையை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். நம்பவில்லை. சட்டியின் அடியைச் சுரண்டி எடுத்து, என் கண்ணைக் கையால் பொத்தி, மூக்கருகில் நீட்டினாள். "இப்ப?" வருகிறது. விலக்கினாள். "இப்ப?" இல்லை. மறுபடி நீட்டினாள். வருகிறது.

பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தக் காந்தலைச் சுரண்டித் தின்றோம். லோகப்பிரியாவின் கார் என்னவாயிற்று என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "உள்ள ரொம்ப மணமா இருந்துச்சுங்க. அத்தனை மணம் எதுக்குன்னு கேட்டேன், விக்கறவரு வேற பேச்சுக்குத் தாவிட்டாரு."

நாளை லோகப்பிரியாவுக்காக வேறொரு கார் பார்க்கப் போகிறோம். இனி கிளட்ச் கருகியிருந்தால் எனக்கே தெரியும். மற்றதெல்லாம் சாஜிதாவுக்கு.